கொல்லைப்புறப் படங்கள் ஏன் கெட்டுப்போகின்றன: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

முதுமலைக்குப் போய் எடுத்த படம் கெட்டுப்போனால் கெட்டதுதான். அந்த யானை மறுநாள் அதே திருப்பத்தில் நமக்காக வந்து நிற்கப் போவதில்லை. வீட்டுக் கொல்லையில் அப்படியல்ல. இன்று காலை செம்பருத்திக்கு வந்த தேன்சிட்டு நாளையும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வரும், பெரும்பாலும் அதே கிளையில்தான் உட்காரும். ஆகவே பிழை எதுவென்று கண்டுபிடித்து, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, மறுநாள் சோதித்துப் பார்க்கலாம். இந்த வசதி காட்டில் அலைகிறவர்களுக்குக் கிடையாது. இதை விட்டுவிட்டு முதல் மங்கல் படத்தைக் கண்டதுமே பெரிய லென்ஸின் விலையை விசாரிக்கத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

கையில் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ் போட்ட சாதாரண கேமரா, அல்லது ஓரளவு நல்ல செல்பேசி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே நேரத்தில் மூன்று அமைப்புகளை மாற்றாதீர்கள். படம் தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாமல் போகும்.

பறவை மங்கலாக விழுகிறது

மங்கல் என்று பொதுவாகச் சொன்னால் மருந்து கிடைக்காது. படத்தைக் கணினியில் திறந்து நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். பறவையைப் பார்க்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் கிளையைப் பாருங்கள்.

கிளை தெளிவாக இருந்து பறவையின் தலையோ வாலோ மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது பறவை. தையல்சிட்டு ஓரிடத்தில் ஒரு நொடி முழுதாக நிற்காது. நின்றாலும் வால் ஆடிக்கொண்டேயிருக்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் ஷட்டர் வேகம் நொடியில் 1/1000க்குக் குறையக்கூடாது. சிறகடிக்கும் நேரத்தில் எடுக்க வேண்டுமானால் 1/2000 அல்லது அதற்கு மேல். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு இங்கே உதவாது. அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும், குருவியின் சுறுசுறுப்பை அல்ல. வேகத்தைக் கூட்டினால் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறும், படத்தில் புள்ளிகள் தெரியும். தெரியட்டும். புள்ளியைக் கணினியில் குறைக்கலாம். இழுபட்ட கண்ணை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது நீங்கள். 300 மி.மீ. நீளத்தில் கையில் பிடித்து எடுக்க 1/500 பாதுகாப்பான வேகம். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திவிட்டால் முக்காலி தேவையில்லை. குருவி இடம் மாறும்போது முக்காலியை நகர்த்துவதைவிடப் பையின்மேல் லென்ஸைத் திருப்புவது வேகமான வேலை.

பறவைக்கு முன்னாலுள்ள இலையோ பின்னாலுள்ள கிளையோ மட்டும் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ஃபோகஸ் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடம் விட்டால், கண்ணில் படுவதில் மிக அருகில் இருப்பதையே அது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, அந்தப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். பறவைக் கண்ணைத் தானாகவே கண்டுபிடிக்கும் புதிய கேமராக்கள்கூட முருங்கை இலைகளின் அடர்த்திக்குள் தடுமாறத்தான் செய்கின்றன. அங்கே அரை அடி இடப்பக்கமாக நகர்ந்து ஒரு இடைவெளி தேடுவது எந்த அமைப்பை மாற்றுவதையும்விட நல்லது.

எதுவுமே தெளிவில்லை, இழுபட்ட தடயமும் இல்லை என்றால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். செல்பேசியின் கேமராக் கண்ணாடியில் விரல் எண்ணெய் இல்லாத நாளே கிடையாது. அடுத்து நேரத்தைக் கவனியுங்கள். பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடித் தரையைத் தாண்டி எடுத்த படமென்றால், தளத்திலிருந்து எழும் கானல் படத்தைக் கரைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கானல்கூட 300 மி.மீ. லென்ஸுக்குத் தெரியும். இதற்குக் கருவியில் தீர்வு கிடையாது. காலையில் எடுப்பதுதான் தீர்வு. செல்பேசியில் 20 மடங்கு, 30 மடங்கு ஜூம் போட்டு எடுத்திருந்தால் இறகு நீர்வண்ண ஓவியம் மாதிரிப் பூசினாற்போல் இருக்கும். லென்ஸ் காணாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்பியதன் விளைவு அது. செல்பேசியில் உள்ள நிஜ லென்ஸ் எத்தனை மடங்கோ அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, பறவையைப் பக்கத்தில் வரவழைக்கும் வழியைப் பாருங்கள்.

பறவை கரிய நிழலாக விழுகிறது

மின்கம்பியில் உட்கார்ந்த கரிச்சானைக் கீழிருந்து எடுத்தால் பின்னால் இருப்பது வெளிறிய வானம். கேமரா வானத்தை அளந்து, வெளிச்சம் மிகுதி என்று முடிவுசெய்து, எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அல்லது +1.5க்கு ஏற்றுங்கள். செல்பேசியில் பறவையின்மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் அதே வேலை நடக்கும். வானம் வெளுத்துப்போகும் என்று கவலைப்பட வேண்டாம். வானத்தைப் பார்க்கவா படம் எடுத்தோம்? முடிந்தால் மாடிக்கு ஏறிவிடுங்கள். மரத்தின் தலைப்பகுதி கண்மட்டத்துக்கு வரும், பின்னணியில் வானத்துக்குப் பதில் அடுத்த வீட்டு மாமரம் நிற்கும். இந்தச் சிக்கலே எழாது.

படச்சட்டம் நிறையக் காக்கை உட்கார்ந்திருந்தால் நிலைமை தலைகீழ். கருமையைப் பார்த்து இருட்டு என்று நினைக்கும் கேமரா, காக்கையைச் சாம்பலாக்கிவிடும். -0.7 வையுங்கள். அடர்பச்சைப் பின்னணியில் சிறிதாகத் தெரியும் வெள்ளைப் புறாவுக்கும் குறைக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் வெள்ளையில் இறகின் வரியே தெரியாது.

ஊதாத் தேன்சிட்டு மட்டும் தனிக் கதை. வெளிச்சம் சரியாக இருந்தும் ஆண் பறவை கரித்துண்டாக விழுகிறது என்று பலர் குறைப்படுவார்கள். அதன் பளபளப்பு நிறமியிலிருந்து வருவதல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாவது. ஆகவே கோணம் தவறினால் நிறமே கிடையாது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பறவை தலையைத் திருப்பும் ஒரு கணத்தில் கழுத்து ஊதாவாகவும் நீலமாகவும் எரிந்து அணையும். தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தால்தான் ஒன்றிலாவது அது சிக்கும். செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு எல்லா முறையும் பூவின் முகப்பில் அலகை விடுவதில்லை. பக்கவாட்டில் காம்பைப் பற்றிக்கொண்டு, பூவின் அடிப்பகுதியை ஊசிபோல் துளைத்துத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். பூவின் வாயில் ஃபோகஸை வைத்துக் காத்திருந்தால் பறவையின் வால் மட்டும்தான் கிடைக்கும். அது வந்து உட்காரும் காம்பில் ஃபோகஸை வையுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேராக நிற்கும். அந்த நேரத்தில் எந்தப் பறவைக்கும் முதுகு வெளுக்கும், வயிறு கறுக்கும், கண் புருவ நிழலில் மறையும். காலை எட்டரையோடு கடையைக் கட்டிவிட்டு மாலை நாலரைக்குத் திறப்பது நல்லது.

கேமராவைத் தூக்கினாலே ஓடிவிடுகின்றன

துணி காயப்போட வரும் உங்களைக் கண்டு தவிட்டுக்குருவிகள் பறப்பதில்லை. அதே நீங்கள் கேமராவோடு குனிந்து, பதுங்கி, அடிமேல் அடி வைத்து வந்தால் கூட்டமாகக் கத்திக்கொண்டு கிளம்பிவிடும். பதுங்கி வருவது பூனையின் வேலை என்பது அவற்றுக்குத் தெரியும். நிமிர்ந்து இயல்பாக நடந்து போய், ஒரு நாற்காலியில் உட்காருங்கள். கேமராவை முன்பே முகத்தருகே உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பறவை வந்தபின் தூக்குவதுதான் அதை விரட்டுகிறது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் உதவும், ஆனால் பறக்கும் பறவையின் சிறகை அது சில நேரம் கோணலாக்கிக் காட்டும், அதனால் உட்கார்ந்திருப்பவற்றுக்கு மட்டும்.

தவிட்டுக்குருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில்தான் தாவிப் போகும். முதல் குருவியைத் துரத்தாதீர்கள். அது கால் வைத்த இடத்தில் ஃபோகஸை நிறுத்தினால் மூன்றாவதோ நான்காவதோ அங்கே வந்து நிற்கும்.

ஓணான் ஓடுவதில்லை, சுற்றுகிறது. நீங்கள் நெருங்க நெருங்க அது மரத்தின் மறுபக்கத்துக்கு நழுவிக்கொண்டே போகும். வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு மறுபக்கம் நிற்கச் சொல்லுங்கள். ஓணான் அவரிடமிருந்து ஒளிவதற்காக உங்கள் பக்கம் வந்து சேரும். அணிலுக்கும் இதே உத்தி ஓரளவு செல்லும். அணில் தண்டில் ஒட்டிக்கொண்டு வாலை உதறி உதறிக் கத்தும் நேரம் இன்னும் வசதி, நிமிடக்கணக்கில் இடம் மாறாது. அப்போது உங்களைச் சுற்றியும் பாருங்கள். பூனையோ வல்லூறோ பக்கத்தில் இருக்கலாம். அது இன்னொரு படம்.

எதுவுமே வருவதில்லை என்றால் தண்ணீர் வையுங்கள். அகலமான மண் தட்டு, இரண்டு விரற்கடை ஆழம், நடுவில் ஒரு கல். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து தட்டின்மேல் விழும் இடமாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தொட்டியில் பட்ட கிளையொன்றை நட்டுவையுங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் தண்ணீரில் இறங்குமுன் அந்தக் கிளையில் உட்கார்ந்துதான் நாலுபக்கமும் பார்க்கும். உங்கள் படம் அங்கேதான், தட்டில் அல்ல. தண்ணீரை நாள்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு பரப்பும் கொசுவுக்கு இவ்வளவு நீரே போதும். சோறு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. காக்கைகள் திரண்டு சின்னப் பறவைகளை விரட்டிவிடும். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று நம்பி ஒரு பறவை தவிப்பதைப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

கூட்டை விட்டுவிடுங்கள். இலையை விலக்கி எடுத்தால் காக்கைக்கும் பூனைக்கும் வழி காட்டியதாகும். மேலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற விளக்கத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. பாம்பு வந்தால் படம் பிறகு. விலகி நின்று, கண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டே 101க்கு அழைத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஜன்னல் வழியே எடுத்தால் வெளிறிப்போகிறது

ஜன்னல்தான் வீட்டிலேயே மிகச் சிறந்த மறைவிடம். ஆனால் நம் ஜன்னல்களில் கண்ணாடியோடு கொசுவலையும் இருக்கும். வலையிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றால் ஃபோகஸ் வலைமேல் விழும், அல்லது படம் முழுக்கச் சாம்பல் படலம் படியும். லென்ஸின் முகப்பை வலையோடு ஒட்டி வையுங்கள். லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, ஜூமை முழு நீளத்துக்குக் கொண்டுபோனால் வலையின் இழைகள் கரைந்து காணாமல் போய்விடும். வலைமேல் நேர் வெயில் விழும் வேளையில் மட்டும் இது பலிக்காது, அப்போது வேறு ஜன்னலுக்குப் போங்கள். கண்ணாடியில் உங்கள் சட்டை தெரிகிறதென்றால் அறை விளக்கை அணைத்து, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்துங்கள்.

பூச்சியின் தலை தெளிவு, மற்றதெல்லாம் கரைந்துபோகிறது

மிக அருகில் போகும்போது தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அது கருவியின் கோளாறு அல்ல, ஒளியியல் அப்படி. அப்பர்ச்சரைச் சுருக்கி எஃப்/8 முதல் எஃப்/11 வரை வைத்துப் பாருங்கள். எஃப்/22 வரை போனால் ஒளி வளைந்து படம் முழுதுமே சற்று மழுங்கும். அதைவிட முக்கியம் நிற்கும் கோணம். கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வரும் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்தால் மேலிருந்தும், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி சிறகை மூடித் தேன் குடித்தால் சரியாகப் பக்கவாட்டிலிருந்தும், கேமராவின் பின்பலகை சிறகுக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். சிறகு முழுவதும் ஒரே தளத்தில் வந்துவிடும்.

கேமரா ஃபோகஸ் செய்யவே மறுத்தால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். 70-300 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். பின்வாங்கி, ஜூம் செய்யுங்கள். செல்பேசியில் மாட்டும் சிறு மேக்ரோ லென்ஸுக்கோ இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் தூரம், அங்கே செல்பேசியின் நிழலே பூச்சியின்மேல் விழும், பூச்சி பறக்கும். குதிக்கும் சிலந்தி மட்டும் பறக்காமல் திரும்பி லென்ஸையே உற்றுப் பார்க்கும், தொடங்குகிறவர்களுக்கு அதைவிட ஒத்துழைக்கும் உயிர் கிடையாது.

காற்றில் செடி ஆடுகிறதென்றால், தரையில் ஒரு குச்சியை ஊன்றி, தண்டைத் துணிக் கிளிப்பால் அதோடு பிணைத்துவிடுங்கள். தட்டான் பறந்துபோனால் பின்தொடராதீர்கள், பெரும்பாலும் அதே குச்சி முனைக்குத் திரும்பி வரும். உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலை வானத்தை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் தந்திரம் அது. நண்பகலில் எடுக்கத் தகுந்த படம் என்று நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான். பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயங்கவைத்து எடுக்கும் படங்கள் உலவுகின்றன. அவற்றில் காலும் உணர்கொம்பும் இயல்பாக இருப்பதில்லை, பழகியவர்களுக்குப் பார்த்ததும் தெரியும்.

பல்லிப் படத்தில் கிடைக்கோடுகள்

இரவில் வாசல் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லியை எடுக்கிறீர்கள், படத்தில் இருளும் ஒளியுமாகப் பட்டைகள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் குழல் விளக்கும் விலை குறைந்த எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/1000 வேகத்தில் எடுத்தால் அந்தத் துடிப்பின் ஒரு துணுக்குதான் படத்தில் சிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள், எலக்ட்ரானிக் ஷட்டரை நிறுத்துங்கள். பல்லி அசையாமல் காத்திருக்கும் பழக்கம் உள்ளதால் இந்த மெதுவான வேகம் போதும். செல்பேசியின் இரவு முறை பல படங்களைக் கோத்து ஒன்றாக்குவதால் விளக்கைச் சுற்றும் ஈசல் பேய்போல் இரட்டையாகத் தெரியும், அதை அணைத்துவிடுங்கள். புள்ளி ஆந்தையின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

லென்ஸில் பனி, பிறகு பூஞ்சை

குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் கொல்லைக்குப் போனால் கடலோர ஊர்களில் லென்ஸ் உடனே வியர்த்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவை மூடிய பையோடு வெளியே வைத்து அரைமணி நேரம் விடுங்கள், அல்லது இரவே கூடத்தில் வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் மூடிவைத்த லென்ஸில் சிலந்திவலை மாதிரி நரம்புகள் தெரிந்தால் அது பூஞ்சை, பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்துங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தால் தூசிதான் சேரும்.

படம் நன்றாக இருக்கிறது, பறவை எதுவென்று தெரியவில்லை

அழகான ஒரு படம் அடையாளத்துக்குப் போதாது. பக்கவாட்டில் ஒன்று, மார்பும் வயிறும் தெரிய ஒன்று, முதுகும் வாலும் தெரிய ஒன்று எடுத்துவையுங்கள். பெண் தேன்சிட்டுகளில் தொண்டை வெளுப்பாகவும் வயிறு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. தொண்டையிலிருந்தே மஞ்சள் தொடங்கினால் ஊதாத் தேன்சிட்டு. முதுகை மட்டும் எடுத்தவருக்கு இந்த வேறுபாடு கிட்டாது. மஞ்சள் மார்பின் நடுவே கரிய பட்டை ஒன்று இறங்கினால் புது இனம் என்று துள்ளாதீர்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்து பளபளப்பை உதிர்த்த ஆண் ஊதாத் தேன்சிட்டுதான் அது.

பொங்கல் நாட்களில் தமிழகத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கி, 2013 முதல் இந்தியாவும் பங்கெடுக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு பிப்ரவரியில் வருகிறது. பதினைந்து நிமிடம் பார்த்து, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் பதிந்தாலே போதும். அங்கே உங்கள் படம் சான்றாக நிற்க வேண்டுமானால் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். பேட்டரியைப் பல மாதம் கழற்றிவைத்த கேமராவில் உள்கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பியிருக்கும், அல்லது முற்பகல் பிற்பகல் மாறியிருக்கும். படங்கள் ஏற்கெனவே தவறான நேரத்தோடு பதிந்துவிட்டால், கேமராவின் கடிகாரத்தைத் திருத்துவதற்கு முன்பே செல்பேசித் திரையில் ஓடும் கடிகாரத்தை அதே கேமராவால் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழையின் அளவு. படத் திருத்த மென்பொருளில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து அந்த அளவு நகர்த்திவிட்டு, பிறகு கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்.